வெள்ளவத்தைக் கடற்காற்று

காற்றைப் பிடித்துக் குடுவையில் அடைக்கிற வேலைக்கும் அரசாங்கம் சம்பளம் கொடுக்குமா என்று கொட்டாஞ்சேனையில் கிளெமென்றைக் கேலி பண்ணாத ஆளில்லை. கொடுக்கத்தான் செய்தது. லொறியும் பஸ்ஸும் ஜெனரேட்டரும் கக்குகிற புகையால் வானத்தில் காபனீரொட்சைட்டு எவ்வளவு கூடுகிறது என்று உலகத்தில் சிலர் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கணக்குக்குக் கொழும்பிலிருந்தும் ஒரு குடுவை காற்று வேண்டும். ஊர்ப்புகை கலந்தது அல்ல, கடலிலிருந்து நேரே வருகிற சுத்தமான காற்று. யுத்தத்தில் நாடு பற்றியெரிந்த அந்தக் காலத்திலும் வாராவாரம் வெள்ளவத்தைக் கரையில் நின்று அவன் அதைப் பிடித்து வந்தான்.

வேலை சின்னது, கட்டுப்பாடுதான் பெரிது. காற்று வரும் திசையைப் பார்த்து நிற்க வேண்டும். மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு, குடுவையைத் தலைக்கு மேலே தூக்கித் திருகைத் திறக்க வேண்டும். ஒடுங்கிய கழுத்து வழியே காற்று மெள்ள மெள்ளத்தான் ஏறும். திருகை மூடும்வரை மூச்சு விடக்கூடாது. கடற்காற்றில் இருப்பதைப்போல நூறு மடங்கு காபனீரொட்சைட்டு மனிதனுடைய மூச்சில் இருக்கிறது. ஒரு ஊதல் பட்டாலும் மாதிரி நாசம்.

குடுவைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வழக்கமாகக் கூட வருகிறவர் ஆய்வுகூடத்துப் புவாத். அந்த வாரம் அவருக்குக் காய்ச்சல்.

"இஞ்சருங்கோ, றேமண்டைக் கூட்டிக்கொண்டு போங்கோவன். வந்த நாளிலையிருந்து வீட்டுக்குள்ளேயே கிடக்கிறான்" என்றாள் மனைவி டோரின். றேமண்ட் அவளுடைய தம்பி. வெளிநாடு போவதற்காக மன்னாரிலிருந்து வந்து தங்கியிருந்தான். சிங்களம் ஒரு சொல் தெரியாது.

படியிறங்கும்போது றேமண்ட் கேட்டான்: "பொலிஸ் பதிவுத் துண்டை எடுக்கட்டோ அத்தான்?" வெளியூர்த் தமிழர் கொழும்பில் தங்குவதற்குப் பொலிஸில் பதிந்து வாங்குகிற அந்தத் துண்டு கையில் இல்லாவிட்டால் பிடித்துப் போய்விடுவார்கள்.

"என்னோடைதானே வாறாய். அதொண்டும் தேவையில்லை."

பெரிய மனிதர் சொல்லிவிட்டார். அவன் அப்படியே நம்பி வந்துவிட்டான்.

றேமண்டைப் பெட்டியோடு ரயில் பாதையோரம் நிறுத்திவிட்டு, கிளெமென்ற் பாறைகள் வரை இறங்கினான். மூச்சை அடக்கித் திருகைத் திறந்த பிறகுதான் பின்னால் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தான். காவலரணிலிருந்து வந்த ஆமிக்காரர் இருவர் பெட்டியைத் திறந்து, டேப் சுற்றிய குடுவைகளைக் குண்டென்று சந்தேகித்து, றேமண்டின் சட்டைக் கொலரைப் பிடித்திருந்தார்கள். கிளெமென்றை வாரந்தோறும் காண்கிறவர்கள்தான். அதனால் ஒருவன் அவனைப் பார்த்தே கேட்டான்.

"மெயா ஒயத் எக்கத ஆவே?"

இவன் உன்னோடா வந்தவன் என்று கேட்கிறான். "ஒவ்", ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், விட்டிருப்பார்கள். கிளெமென்ற் அதைச் சொல்லவில்லை. குடுவையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றான். ஆமிக்காரன் இன்னொரு தடவையும் கேட்டான். றேமண்ட் அத்தானையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவனை இழுத்துப் போய் ஜீப்பில் ஏற்றினார்கள். கிளெமென்ற் திருகை மூடிவிட்டுச் சிங்களத்தில் கத்திக்கொண்டு ஓடியபோது, ஜீப் காலிக்குப் போகும் பெருவீதிக்கு ஏறிவிட்டது.

ஐயோ, அதற்குப் பிறகு ஏறாத பொலிஸ் நிலையமில்லை. டோரின் பதிவுத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு மருதானை, கொம்பனித்தெரு என்று அலைந்தாள். அப்படி ஒரு ஆளே வரவில்லை என்று எல்லா இடத்திலும் சொன்னார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் கிளெமென்ற் ஒன்றைத்தான் சொன்னான்: மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன், பேச முடியவில்லை. சொல்லிச் சொல்லி அவனுக்கே அது உண்மையாகிவிட்டது.

காய்ச்சல் மாறி வந்த புவாத் அந்தக் குடுவையைக் காபனீரொட்சைட்டு அளக்கிற மெஷினில் பூட்டினார். முந்நூற்றறுபதில் நிற்க வேண்டிய முள் நிற்காமல் ஏறி, கட்டத்தின் விளிம்பில் போய் முட்டியது.

"தம்பி, இதுல ஒங்கட மூச்சு பட்டீக்கு" என்றார் புவாத். "கொஞ்சநஞ்சமில்ல. நெறைய."

கிளெமென்றுக்கு இப்போது எல்லாம் தெளிவாக ஞாபகம் வந்தது. ஆமிக்காரர் கையில் துவக்கைக் கண்ட மாத்திரத்திலேயே அடக்கிய மூச்சு போய்விட்டது. ஆமிக்காரன் முதல் தரம் கேட்டபோதே அவன் வாயைத் திறந்து இளைத்துக்கொண்டுதான் நின்றான். ஓம் என்றால் தன்னையும் சேர்த்து ஏற்றிவிடுவார்கள் என்ற பயம். அவ்வளவுதான். பாவி, பேசியிருக்கலாம்.

அன்று மாலை ஹெந்தளையிலிருந்து டோரினின் பெரியம்மா யோசெப்பின் வந்திருந்தாள். "பக்கத்திலை நிண்டும் ஒரு வார்த்தை சொல்லேல்லையாமே உன்ரை மனுசன்" என்று அவனுக்குக் கேட்கத்தக்கதாகவே சொன்னாள்.

டோரினுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவரை ஒண்டும் சொல்லாதேங்கோ பெரியம்மா. அந்த வேலையிலை மூச்சு விடேலாது. விடக்கூடியதா இருந்திருந்தா என்ரை தம்பிக்காகக் கட்டாயம் கதைச்சிருப்பார்" என்று சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு புருஷன் பக்கம் திரும்பினாள். "என்னப்பா, கதைச்சிருப்பியள்தானே?"

"ஓம்" என்றான் கிளெமென்ற்.