நாற்பது நிமிடம் நிற்க

2024 ஜூன் 18, செவ்வாய்க்கிழமை காலை ஆறு பத்துக்கு, சிட்லபாக்கத்தில் ஒரு வீட்டின் இரண்டாவது மாடியில், ஜெரூஷா இருபது லிட்டர் தண்ணீர் கேனை இடுப்பு வரைக்கும் தூக்கினாள். அதற்கு மேல் கேன் ஏறவில்லை. அது தரையில் விழுந்து உருண்டது. அவள் சமையல் மேடையைப் பிடித்தபடி குனிந்த வாக்கிலேயே நின்றாள்.

சத்தம் கேட்டு ஓடி வந்த கணவன் ஜாய்சன், "எங்க வலிக்குது?" என்று கேட்டான்.

"சனிக்கிழமைக்குள்ள சரியாயிடணும்" என்றாள் அவள்.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் ஒன்பது வருடமாக அவள் தற்காலிகக் கணக்கு ஆசிரியை. இந்த வருடம் நிரந்தர இடம் இரண்டு விழுந்திருந்தது. போட்டியில் ஐந்து பேர். சனிக்கிழமை மூன்று பேர் கொண்ட தேர்வுக் குழு பின்பெஞ்சில் உட்கார்ந்திருக்க, ஒவ்வொருவரும் நாற்பது நிமிடம் கரும்பலகை முன் நின்று பாடம் நடத்திக் காட்ட வேண்டும். தேதியை மாற்றமாட்டார்கள். போன தடவை ஒரு டீச்சர் கால்வலி என்று நாற்காலி கேட்டார். நாற்காலி கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை.

அன்று மதியமே ஆட்டோவில் சேலையூருக்குப் போனாள். ஒவ்வொரு வேகத்தடையிலும் உயிர் போய் வந்தது. பிசியோதெரபிஸ்ட் ஃபிரெடி காலைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார், பாதத்தைக் கீறிப் பார்த்தார், மரத்துப் போகிறதா, சிறுநீர் போவதில் சிரமம் உண்டா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள்.

"தசைப்பிடிப்புதான் மேடம். வீட்லயே சரி பண்ணிக்கலாம். தரையில மல்லாந்து படுத்து, ரெண்டு காலையும் சேர் மேல வெச்சுக்கோங்க. இருபது நிமிஷம். அப்புறம் வெந்நீர் பை. மணிக்கொரு தடவை எழுந்து பத்து நிமிஷம் வீட்டுக்குள்ளயே நடங்க, படுத்தே கெடக்காதீங்க. குனியக் கூடாது, சம்மணம் போடக் கூடாது, முட்டி போடக் கூடாது."

"சனிக்கிழமை நிக்க முடியுமா சார்?"

"நான் சொன்னதை மட்டும் பண்ணா நிக்கலாம். ஊரு சொல்றதையும் சேத்துப் பண்ணா எனக்குத் தெரியாது."

படுப்பது எளிது என்று நினைத்திருந்தாள். பட்டப்பகலில் கூடத்துத் தரையில் கிடந்து பழக்கமில்லை. ஃபேன் ஒரு பக்கமாக ஆடிக்கொண்டிருந்தது. கீழே தண்ணீர் லாரி பின்வாங்கும் சத்தம் கேட்டது. அடுப்பை அணைத்தோமா என்று தோன்றும். அணைத்ததுதான் என்று தெரிந்தாலும் போய்ப் பார்க்க வேண்டும் போலிருக்கும். கூரையில் மனத்தாலேயே இருபடிச் சமன்பாட்டை எழுதி, எழுத்து கோணலாக இருப்பதாக நினைத்து அழித்து, மறுபடி எழுதினாள். நான்காவது நிமிடத்தில் செல்போனை எடுத்து நேரம் பார்த்தாள். ஐந்தாவது நிமிடத்திலும் பார்த்தாள்.

ஜாய்சன் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அவன் சபையின் கமிட்டியில் இருப்பவன். ஆபீஸ் போகும் மின்சார ரயிலில் நின்றபடியே சபை வாட்ஸ்அப் குழுவில், "என் மனைவியின் முதுகுவலிக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று போட்டுவிட்டான். கிண்டி வருவதற்குள் ஐம்பது கும்பிடும் கைகள் வந்துவிட்டன. கூடவே யோசனைகளும். நொச்சித் தழையை வதக்கிக் கட்டு. ஐஸ் வை. ஐஸ் வைக்கவே வைக்காதே. தரையில் படு. தரையில் படுத்தால் வாயு பிடிக்கும்.

புதன்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்குப் பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவி புஷ்பம் அக்கா, ஆறு பேரோடு படியேறி வந்தார்.

செருப்புச் சத்தம் கேட்டதுமே ஜெரூஷா எழுந்துவிட்டாள். ஊழியத்துக்கு வந்தவர்கள் முன்னால் கிடப்பதா? பாயைச் சுருட்டி, நாற்காலியை ஓரமாகத் தள்ளி, ஏழு பேருக்கு டீ வைத்தாள். பிஸ்கட் டப்பா கீழ்த்தட்டில் இருந்தது, குனிந்து எடுத்தாள். எல்லோரோடும் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு பாட்டு, ஒரு சாட்சி, புஷ்பம் அக்காவின் நீண்ட ஜெபம். முடிவில் எல்லோரும் முழங்காலில் நின்றபோது அவளும் நின்றாள்.

"பாரு, மூஞ்சியே தெளிஞ்சிருச்சு" என்றார் புஷ்பம் அக்கா, படியிறங்கும்போது.

வியாழக்கிழமை காலை ஜெரூஷாவால் புரண்டு படுக்கவும் முடியவில்லை. ஜாய்சன்தான் தோளைப் பிடித்து, பக்கவாட்டில் திருப்பி, காலைக் கீழே விட்டு உட்கார வைத்தான்.

ஃபிரெடியிடம் போனில் பேசினாள். "என்ன பண்ணீங்க?" என்றார். சொன்னாள். "மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிங்க மேடம். இன்னும் ரெண்டு நாள் இருக்கு."

அன்று முழுக்க மணிக்கொரு அலாரம் வைத்து நடந்தாள்; சமையலறையிலிருந்து பால்கனிக்கு, பால்கனியிலிருந்து சமையலறைக்கு. ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் நிமிர முடிந்தது. அப்போதுதான் ஜாய்சன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நாளைக்கு சாயந்தரம் திரும்ப வராங்க. வலி கூடிருச்சுன்னு நான் சொல்லிட்டேன். அதான், இந்தத் தடவை பதினஞ்சு பேரு. உபவாச ஜெபமாம்."

"வேணாம்னு சொல்லுங்க."

"ஜெபத்தை எப்படி வேணாம்னு சொல்றது? நாளைக்கு நான் கமிட்டியில எந்த மூஞ்சிய வெச்சிட்டு உக்காருவேன்?"

"அப்போ வரட்டும்" என்றாள். அவள் குரலில் கோபமே இல்லாதது ஜாய்சனுக்குச் சரியாகப் படவில்லை.

வெள்ளிக்கிழமை ஐந்தரைக்குக் கதவு திறந்தே இருந்தது. பதினைந்து பேரும் உள்ளே வந்து, கூடத்தின் நடுவில் சுடிதாரோடு மல்லாந்து, இரண்டு கால்களையும் பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் போட்டுக் கிடந்த ஜெரூஷாவைச் சுற்றி நின்றார்கள். அவள் படுத்தபடியே கைகூப்பினாள். "வாங்கக்கா. எழுந்துக்கல, மன்னிச்சுக்கோங்க."

"ஐயோ, கால நீட்டிக்கிட்டு..." என்று ஆரம்பித்த சங்கத்து ஜான்சி, புஷ்பம் அக்காவைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"ஜெப நேரத்துக்காச்சும் எழுந்து உக்காரும்மா" என்றார் புஷ்பம் அக்கா. "ஆண்டவர் சமூகத்துல இப்படியா?"

"மேலேர்ந்து பாக்கிறவருக்கு முட்டி போட்டா தலை உச்சிதான்க்கா தெரியும். படுத்தா முகமே தெரியும்."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டார்கள். ஜாய்சன் டீ போடச் சமையலறைக்குள் ஓடிவிட்டான். சர்க்கரை எங்கே என்று அங்கிருந்து இரண்டு முறை கத்தினான். மூன்றாவது முறைக்கு ஜான்சி உள்ளே போனாள்.

எல்லோரும் தரையில் உட்கார, ஜெபம் தொடங்கியது. ஆறு மணிக்கு அலாரம் அடித்தது. எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். ஜெரூஷா ஃபிரெடி சொன்னபடி பக்கவாட்டில் திரும்பி, கையை ஊன்றி எழுந்து, உட்கார்ந்திருந்தவர்களின் நடுவே நடக்க ஆரம்பித்தாள். சேலைகளை மிதிக்காமல் சமையலறைக்கு. கைப்பைகளைத் தாண்டிப் பால்கனிக்கு. திரும்பும் ஒவ்வொரு தடவையும் புஷ்பம் அக்காவின் குரல் கொஞ்சம் ஏறியது. ஒரு தடவை அக்காவின் ஒரு கண் திறந்து அவளைப் பின்தொடர்ந்தது. நின்றுவிடலாமா என்று நினைத்தாள். பின்பெஞ்சில் உட்காரப்போகிற மூன்று பேரை நினைத்துக்கொண்டு நடந்தாள்.

ஒரு மணி நேரம் நடக்க வேண்டிய ஜெபம் இருபத்தைந்து நிமிடத்தில் ஆமென் ஆயிற்று.

"நாங்க கெளம்புறோம். நீ நல்லா நட" என்றார் புஷ்பம் அக்கா. டீ தொடப்படவில்லை. ஜான்சி மட்டும் நின்றவாக்கில் அரை டம்ளர் குடித்துவிட்டு, "எங்க வீட்டுக்காரருக்கும் இதே வலிதான். அந்தப் பிசியோ நம்பரை எனக்கு அனுப்பி விடு" என்று காதோடு சொல்லிவிட்டு ஓடினாள்.

ஜாய்சன் பதினான்கு டம்ளர் டீயைத் தொட்டியில் கொட்டினான். "ஞாயித்துக்கிழமை நான் கோயிலுக்குள்ள எப்படிப் போவேன்?"

"நடந்துதான்" என்றாள் ஜெரூஷா, வெந்நீர் பையை இடுப்புக்குக் கீழே சொருகிக்கொண்டு.

அன்றிரவு அவள் அதிகம் தூங்கவில்லை. ஆனால் காலையில் யாரும் பிடிக்காமல் எழுந்தாள்.

சனிக்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு அவளுடைய வகுப்பு தொடங்கியது. குனிய முடியாததால் கரும்பலகையின் மேல் பாதியில் மட்டும் எழுதினாள். நிரம்பியதும் அழித்து அழித்து எழுதினாள். கீழே விழுந்த சாக்பீஸை எடுக்கவில்லை, டப்பாவிலிருந்து வேறொன்றை எடுத்துக்கொண்டாள். பத்து இருபதுக்கு மணி அடிக்கும் வரை நின்றாள்.

அடுத்த புதன்கிழமை அறிவிப்புப் பலகையில் இரண்டு பெயர் ஒட்டினார்கள். இரண்டாவது ஜெரூஷாவுடையது.