நடக்கத் தொடங்கிய சலவைக்கூடம்

மழைக்காலம் முடிந்த வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, சலவைக்கூடம் எழுந்து தெருவைக் கடந்து, எதிரே இருந்த மருந்துக்கடையை மறைத்தபடி நின்றது. மருந்துக்கடைக்காரர் வாடிக்கையாளர்களைப் பின்வாசல் வழியாக வரச் சொன்னார். ஆச்சரியப்பட்டவர் சலவைக்கூட முதலாளி மட்டும்தான். ஆளைப் பார்த்தாலும் இயந்திரத்தைப் பார்த்தாலும் அவர் வாயில் வருவது ஒரே சொல் என்பதால் ஊர் அவருக்கு 'இன்னுங்கொஞ்சம்' என்று பெயர் வைத்திருந்தது. கூடம் மாமனார் விட்டுப்போனது; ஆஸ்பத்திரி விரிப்புகளை வெளுத்துக்கொண்டு தன்பாட்டுக்கு ஓடியது. இவர் கைக்கு வந்ததும் ஒவ்வொரு இயந்திரத்திலும் ஒரு விரிப்பைக் கூடுதலாகத் திணிக்கச் சொன்னார். ஒன்றும் ஆகவில்லை. இன்னொன்றைத் திணித்தார்கள், அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. அதையெல்லாம் தன் திறமை என்று கணக்கில் வைத்துக்கொண்டு, பிழியும் வேகத்தையும் ஏற்றினார். சுவர்க் கண்ணாடி நடுங்கியபோது கண்ணாடியைக் கழற்றச் சொன்னார். டம்ளரில் தண்ணீர் தளும்பியபோது, பாதி ஊற்றினால் போதாதா என்று கடிந்துகொண்டார்.

"நம்ம வீட்டு மெஷின்லயே ரெண்டு போர்வை அதிகமா போட்டா குதிச்சுக்கிட்டே வாசல் வரைக்கும் வந்துடுது. அங்க அத்தனை மெஷின் இருக்கு, பாத்துச் செய்யுங்க" என்று மனைவி ஒருநாள் சொன்னாள்.

"வீடும் கம்பெனியும் ஒண்ணா? உனக்கென்ன தெரியும்" என்றார், தன் கைக்குட்டையைக்கூடத் துவைத்தறியாத அந்த மேதை.

அந்தச் செவ்வாய்க்கிழமை கூடுதலாகப் போட்டது இயந்திரத்துக்கு ஒரு தலையணை உறை, அவ்வளவுதான். கட்டடம் கிளம்பியதும் முதலாளி மெயின் சுவிட்சை அணைத்தார். நிற்கவில்லை. உறையை எடுத்தார், விரிப்புகளை எடுத்தார், கடைசியில் எல்லாத் துணியையும் ஜன்னல் வழியாக வீசினார். காலிக் கூடம் முன்னைவிட உற்சாகமாக நடந்தது. மின்கம்பி அறுந்து பின்னால் இழுபட்டது, இயந்திரங்கள் சுற்றிக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு படியாகத் தான் ஏற்றிவிட்ட கூடம் இறங்குவதற்குப் படியே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. குதித்து இறங்கி, நடந்து வரும் கூடத்தின் செங்கல் சுவருக்கு முன்னால் கைகூப்பி நின்று, நில்லப்பா என்று கெஞ்சினார். அது அவரைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

திருப்பத்தில் கூடம் கொஞ்சம் தயங்கியபோது மனைவி ஏறிக்கொண்டாள். ஆட்களைக் கூப்பிட்டு இயந்திரங்களில் பாதியளவு துணி போட்டாள். அதன்பின் அது எந்தச் சுவரிலும் முட்டாமல் சீராக நடந்தது. "நீங்களும் ஏறிக்குங்க, காலு வலிக்கப் போகுது" என்று வாசலிலிருந்து கை நீட்டினாள்.

"மொதல்ல நிறுத்து, அப்புறம் ஏறுறேன்" என்றார் அவர், மூச்சு வாங்கிக்கொண்டே.

அவள் கையை மடக்கிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனாள். வருடங்கள் ஓடிவிட்டன. இப்போது மக்கள் கூடம் தங்கள் தெருவுக்கு வரும் நேரம் பார்த்து அழுக்குத்துணியை ஜன்னலில் போட்டு, அடுத்த சுற்றில் வெளுத்து வாங்கிக்கொள்கிறார்கள். பின்னாலேயே அதட்டிக்கொண்டு ஓடி வருகிறாரே, அவர் யார் என்று புதிதாகக் குடிவந்தவர்கள் கேட்பதுண்டு. முதலாளி என்று சொல்வார்கள்.