தொட்டி விளிம்பில் பச்சை விளக்கு

ஆயுத பூஜைக்குச் சென்னியம்மாள் சந்தனம் கரைத்தால் குண்டா நிறையக் கரைப்பாள். கிழங்கு அரைக்கிற மோட்டார், லாரி, தராசு, ஏன், ஆபீஸ் மின்விசிறிக்குக்கூடப் பொட்டு வைத்தாக வேண்டும். சேந்தமங்கலம் ரோட்டு ஜவ்வரிசி மில்லில் பதினாறு வருசமாக அது அவள் பொறுப்பு.

இந்த வருசம் புதுசாக மூன்று பெட்டிகள். கழிவுத் தொட்டி விளிம்பில் வித்யா என்கிற இஞ்சினியர் பொண்ணு பொருத்திவிட்டுப் போயிருந்தாள். உள்ளங்கையளவுதான் இருக்கும். பழைய மாடல் பெட்டியென்றால் வாரம் ஒருக்கா சார்ஜுக்கு அழுமாம். இதில் முடியைவிட ஆயிரம் மடங்கு மெல்லிசாக நானோ படலமாம், ஒரு பேட்டரி ரெண்டு வருசம் தாங்குமாம். விஷவாயு துளி கிளம்பினாலும் மோந்து, கம்பியே இல்லாமல் மூன்றும் கலந்து பேசி, பச்சை விளக்கைச் சிவப்பாக்கிக் கத்துமாம். ஒன்று ஏமாந்தாலும் மற்ற ரெண்டும் விடாது என்று அடித்துச் சொன்னாள்.

சென்னியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. தொட்டிக்குள் இறங்கிச் சேறு வாருவது அவள் புருசன் மணியன் அல்லவா! மோட்டாருக்கு வைத்ததைவிடப் பெரிசாக, பெட்டியின் முகம் பார்த்து, அது மோந்து பார்க்கிற சின்னச் சல்லடை மேலேயே சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தாள். மூன்றில் ஒன்றைக்கூட விடவில்லை. "எம்பட ஊட்டுக்காரரைப் பாத்துக்கோ சாமி" என்று கும்பிடு வேறு.

மூன்றாம் நாள் தொட்டிக் குழாய் அடைத்துக்கொண்டது. முன்னெல்லாம் மூடியைத் திறந்து அரை நாள் காற்றாட விட்டுத்தான் மணியன் இறங்குவான். இப்போது எதற்கு? பச்சை எரிகிறதே. இறங்கினான். பாவி மனுசனுக்குக் கூப்பிடக்கூட நேரம் கிடைக்கவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் வித்யா வந்தாள். உங்கள் பெட்டிதான் கழுத்தறுத்தது என்று முதலாளி தண்டாயுதபாணி திட்டித் தீர்த்தார். சென்னியம்மாளும் அவளைச் சபிக்கத்தான் வந்து நின்றாள்.

வித்யா தொட்டி மூடியை விலக்கச் சொல்லி, விளிம்பில் குந்தி, முதல் பெட்டியில் காய்ந்து கிடந்ததை நகத்தால் சுரண்டினாள். பச்சை சிவப்பானது. பெட்டி வீறிட்டது. இரண்டாவதைச் சுரண்டினாள், அதுவும் கத்தியது. மூன்றாவதும்.

"இதை மூடக் கூடாதுன்னு ஆபீஸ்ல சொல்லியிருந்தேனுங்களே," என்றாள் முதலாளியிடம். "யாருங்க மூடுனது?"

முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். மூடியது யாரென்று அவருக்குத் தெரியும்.

சபிக்க வந்தவள் தன் வலதுகை மோதிர விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நாந்தானுங்க அம்மிணி," என்றாள். "நல்லா இருக்கட்டும்னுதான் வெச்சேன்."