கட்டிலை விட்டு இறங்கிய பூவாயி

பெற்ற தாயைக் கட்டிலில் வைத்துத் தாங்குகிறான் என்று திருவேங்கடத்துக்கு ஊரில் நல்ல பேர். அந்த நல்ல பேரை நினைத்தாலே பூவாயிக்கு வயிறு எரியும்.

போன ஆடியில் கிணற்றடியில் ஒரு முறை வழுக்கி விழுந்தாள். அவ்வளவுதான். "இனிமே கட்டில வுட்டு எறங்கக்கூடாது, ஆமா" என்று மகன் உத்தரவு போட்டுவிட்டான். அறுபத்திரண்டு வயது வரை நாற்று நட்ட கால்கள் நாலே மாதத்தில் துவண்டுபோயின. புழக்கடைக்குப் போகும்போது மேலும் மூன்று முறை விழுந்தாள். விழ விழக் காவல் இறுகியது. சுதந்திரம் வந்து எட்டு வருஷம் ஆகியும், தன் வீட்டு வாசற்படியைத் தாண்ட அவள் மகனிடம் அனுமதி கேட்க வேண்டுமாம்! என்ன அநியாயம் இது?

அடுத்த வீட்டு அம்சாதான் வழி சொன்னாள். அவளும் பூவாயி வயதுக்காரி. "கும்மி அடிக்கிறவ எவளாச்சும் வுழுந்து பாத்திருக்கிறியா?" என்றாள். கார்த்திகை பிறந்ததிலிருந்து, திருவேங்கடம் கழனிக்குக் கிளம்பியதும், இருவரும் காலியாகக் கிடந்த மாட்டுக்கொட்டகையில் ஆடினார்கள். குனிந்து ஒரு தட்டு, நிமிர்ந்து ஒரு தட்டு, பக்கவாட்டில் ஓரடி, பின்னால் ஓரடி. முதலில் அம்சாவின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் பூவாயியால் நிற்க முடிந்தது. மார்கழி முடிவதற்குள் பிடியை விட்டுவிட்டாள். அந்த இரண்டு மாதமும் ஒரு முறைகூட விழவில்லை.

காணும் பொங்கலன்று ஊரே வண்டி கட்டிக்கொண்டு மகாபலிபுரம் கடற்கரைக்குப் போனது. மணலில் பெண்கள் கும்மிக்கு வட்டம் கட்டினார்கள். மகன் ஏற்றி உட்காரவைத்திருந்த வண்டியிலிருந்து பூவாயி இறங்கி நேரே போய் அம்சா பக்கத்தில் நின்றாள்.

திருவேங்கடம் ஓடி வந்து கையைப் பிடித்தான். "யம்மா, இன்னா இது? வுழுந்து இடுப்ப ஒடச்சிக்கப் போற. வா!"

"வுழ மாட்டேன். வுடு."

அவன் குரலைத் தாழ்த்தினான். "தாலி அறுத்தவ கும்மி அடிச்சா ஊரு இன்னா பேசும்? மானம் போவுது."

ஓகோ! இத்தனை நாள் இடுப்பு இடுப்பு என்று கரிசனப்பட்டதெல்லாம் இதற்குத்தானா? பூவாயிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கையை வெடுக்கென்று உருவிக்கொண்டாள்.

"ஆடு, ஆடு. வுழுந்தா நான் தூக்க மாட்டேன்" என்றான் அவன்.

"எப்படா தூக்கின?" அவள் போட்ட சத்தத்தில் வட்டமே நின்றது. "நாலு வாட்டி வுழுந்தேன். நாலு வாட்டியும் தூக்கினவ இதோ இந்த அம்சாதான். நீ கட்டிலத்தான் வாங்கியாந்த."

அம்சா கையைத் தட்டினாள். பூவாயி குனிந்து, நிமிர்ந்து, பின்னால் ஓரடி வைத்தாள். வழியில் நின்ற மகன் தானாகவே விலகிக்கொண்டான்.