வலப்பக்கக் கதவு

பழுதான வண்டிகளை ஏற்றிப் போகும் ரிஸ்வானின் டோ லாரிக்கு இரண்டு கதவுகள். அதில் தன் பக்கத்துக் கதவை அவன் ஒரு வருஷமாகத் திறப்பதில்லை. வேலை வந்தால் கியர் கம்பியைத் தாண்டி, பக்கத்து சீட்டில் ஊர்ந்து, இடப்பக்கக் கதவு வழியாகத்தான் இறங்குவான். ஆள் சின்ன ஆளும் இல்லை. ஆறடி உயரம், அதற்குத் தோதாகத் தொப்பை. அவன் இறங்கி முடிப்பதற்குள் பட்டறைப் பையன்கள் டீயே குடித்துவிடுவார்கள்.

“பூனை இறங்குது லா, வழி விடுங்க” என்பான் இர்ஃபான். பட்டறையின் இன்னொரு லாரியை ஓட்டுபவன். ரிஸ்வானும் கூடச் சேர்ந்து சிரித்து வைப்பான். காரணத்தைச் சொன்னால் தண்ணீர் ஓதிக் கொடுக்கிறேன், தாயத்துக் கட்டுகிறேன் என்று ஆளுக்கொரு பக்கம் கிளம்பிவிடுவார்கள். அதெல்லாம் ஏற்கெனவே ஒரு சுற்று நடந்து முடிந்தாயிற்று. தாயத்து இன்னும் கண்ணாடியில் தொங்குகிறது. தட்டல் நின்றபாடில்லை.

ஆமாம், தட்டல். சாலையோரம் நிறுத்திவிட்டு அந்த வலப்பக்கக் கதவின் பிடியில் கை வைத்தானென்றால், பின்னால் காரை ஏற்றும் இரும்புத் தளத்தில் யாரோ உள்ளங்கையால் தட்டுவார்கள். டங், டங். முதலில் சங்கிலிதான் ஆடி இடிக்கிறது என்று நினைத்தான். சங்கிலிகளைத் துணி சுற்றிக் கட்டினான். கொக்கிகளைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டான். பிடியில் கை வைத்தான். டங், டங். அதே இடைவெளி, அதே அழுத்தம். அந்தக் கை யாருடையது என்று அவனுக்குத் தெரியும். தெரியாதது போல் நடித்துக்கொண்டிருந்தான், அவ்வளவுதான்.

அது ரஃபீக் மச்சானின் கை. ரிஸ்வானின் அக்கா ஜைனபின் கணவர். லாரியும் பட்டறையும் அவருடையதுதான். ரிஸ்வான் ஓட்டுவான், மச்சான் இறங்கி வேலை பார்ப்பார். லாரி நிற்கும்போது ஓட்டுநர் கதவு ஓடுகிற வண்டிகளின் பக்கம் திறக்கும். பின்னால் வருவதைக் கண்ணாடியை மட்டும் நம்பி முடிவுசெய்யக் கூடாது என்பது மச்சானின் சட்டம். அதற்காக ஒரு வழக்கம் வைத்திருந்தார். இரண்டு முறை தட்டினால் கதவைத் திறக்காதே. ஒரு முறை தட்டினால் எல்லாம் சரி. “ரெண்டு தட்டிட்டேன்னா, நான் ஒண்ணு தட்டுற வரைக்கும் உன் கதவு மூடியே இருக்கணும். மேல வானமே இடிஞ்சு விழுந்தாலும் சரி” என்பார். வேலை முடிந்ததும் ஒரு தட்டல் வரும். பிறகு அவர் சாவகாசமாக நடந்து வந்து இடப்பக்கம் ஏறி உட்காருவார்.

போன வருஷம், தூறல் விழுந்த ஒரு காலையில், விரைவுச்சாலையில் ஒரு வேனை ஏற்றி, அதைத் தளத்தோடு கட்டும் வலப்பக்கத்துப் பட்டையை மச்சான் இறுக்கிக்கொண்டிருந்தார். உதவலாமென்று ரிஸ்வான் கதவுப் பிடியில் கை வைத்தான். டங், டங். கையை எடுத்துக்கொண்டான். அடுத்த நொடி லாரியே ஒரு குலுக்குக் குலுங்கியது. ஏதோ உரசிக்கொண்டு போனது. என்ன நடந்திருக்கும் என்று அவன் மனத்துக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் கை கதவுக்குப் போகவில்லை. ஒரு தட்டல் வரட்டும் என்று உட்கார்ந்தே இருந்தான். யாரோ முன்பின் தெரியாத சீனர் ஒருவர் ஓடி வந்து வெளியிலிருந்து கதவைத் திறந்து அவனை இழுத்தார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜைனப் அவனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“கடைசியா ஒண்ணு தட்டலையாடா?”

“இல்ல லாத்தா.”

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. அவன் முன்னால் அழவும் இல்லை. நாற்பதாம் நாள் குர்ஆன் கத்தம் ஓதி முடித்த கையோடு பட்டறைக்கு வந்து, மச்சானின் நாற்காலியில் உட்கார்ந்து, போனை எடுத்துக் காதில் வைத்தாள். பட்டறை ஓட ஆரம்பித்தது. விரைவுச்சாலை வேலையெல்லாம் இர்ஃபானுக்கு. ரிஸ்வானுக்கு ஆங் மோ கியோ கார் பார்க்கில் பேட்டரி செத்த வண்டி, சிராங்கூன் ரோட்டுச் சந்தில் சாவியை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்ட வண்டி. தம்பியை இப்படி ஓரமாக நிற்க வைத்திருப்பதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால்கூட அவனுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்று மத்தியானம் லிட்டில் இந்தியாவில் ஒரு ஸ்கூட்டருக்கு டியூப் மாற்றிக் கொடுத்துவிட்டு, ரிஸ்வான் தே தாரிக் டீ கட்டிய பையைக் கையில் தொங்கவிட்டு நின்றுகொண்டிருந்தான். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. போன் அடித்தது.

“எங்க இருக்கே?” ஜைனப் கேட்டாள்.

“தேக்கா மார்க்கெட் பக்கத்துல.”

“பிஐஈ எக்ஸ்பிரஸ்வேல, சாங்கி ஏர்போர்ட் போற பக்கம், மேம்பாலத்து மேல ஒரு கார் டயர் போய் நிக்குது. எந்த இடம்னு தெரிய லேம்ப் போஸ்ட் நம்பர் வாங்கியிருக்கேன். வயசானவரு, தனியா இருக்காரு. இர்ஃபான் துவாஸ்ல மாட்டிக்கிட்டான், இப்போதைக்கு வர மாட்டான்.” பேனாவை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. “வேற கம்பெனிய கூப்பிடவும் தெரியும் எனக்கு. போன்னு சொல்லல. போகாதேன்னும் சொல்லல.”

அந்தக் கடைசி வரிதான் அவனைக் கொன்றது. “போறேன் லாத்தா” என்றான். வாயில் தே தாரிக் கசந்தது.

மேம்பாலத்தில் ஏறும்போதே மழை பிடித்துக்கொண்டது. வைப்பரை வேகமாக வைத்தும் கண்ணாடி தெளியவில்லை. அவசர விளக்கு மினுக்கிக்கொண்டு ஒரு பழைய நீல நிறக் கார் ஓரத்தில் நின்றது. ரிஸ்வான் அதைத் தாண்டிப் போய் அதன் முன்னால் நிறுத்தினான். ஓரம் குறுகல். பக்கத்தில் ஓடுகிற வண்டிகளை நினைத்த பயத்தில் லாரியைப் பாலத்துச் சுவரோடு சுவராக ஒட்டிவிட்டான். நிறுத்தி, வழக்கம்போல் ஊர்ந்து போய் இடப்பக்கக் கதவைத் தள்ளினான். கதவு ஒரு சாண்கூடத் திறக்காமல் சுவரில் முட்டிக்கொண்டது. அந்த இடுக்கில் பூனை வேண்டுமானால் இறங்கலாம், இவனால் முடியாது.

சரி, நகர்த்தி நிறுத்துவோம் என்று தன் சீட்டுக்குத் திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தான். காரின் வலப்பக்கத்தில், ஓடும் வண்டிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அந்தப் பெரியவர் குந்தி உட்கார்ந்திருந்தார். குடையை விரித்துத் தோளில் சாய்த்துக்கொண்டு, பின் சக்கரத்தின் நட்டைத் திருகிக்கொண்டிருந்தார். சுவரோரம் போய் நில்லுங்கள் என்று ஜைனப் போனில் படித்துப் படித்துச் சொல்லியிருப்பாள். யார் கேட்கிறார்கள்?

ஹாரனை அடித்தான். பெரியவர் தலையைத் தூக்கி, இருப்பா, முடிந்துவிடும் என்று கையைக் காட்டிவிட்டுக் குனிந்துகொண்டார். ஜைனப் அனுப்பியிருந்த நம்பருக்குப் போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. போன் காருக்குள் கிடந்திருக்கும். ஒரு பஸ் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு போனது. குடை திரும்பிக்கொண்டது. பெரியவர் அதை நிமிர்த்திவிட்டு, கோடு தாண்டிச் சாலைக்குள்ளேயே இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

லாரியை நகர்த்த நேரமில்லை. ரிஸ்வான் வலப்பக்கக் கதவின் பிடியில் கை வைத்தான்.

டங், டங்.

இவ்வளவு பலமாக அது கேட்டதே இல்லை. சீட்டுக்குக் கீழே வரை அதிர்ந்தது. கை தானாகப் பின்வாங்கியது. கண்ணாடியில் இரும்புத் தளம் தெரிந்தது. மழை தவிர அங்கே யாரும் இல்லை.

“மச்சான், அவர் செத்துப்போவாரு” என்றான் வாய்விட்டு. மறுபடி கையை வைத்தான். டங், டங். இப்போது அதில் கோபம் இருந்தது. இவன் மேல் உள்ள பாசத்தில் வருகிற கோபம். அது இவனுக்குத் தெரியாதா? ஒரு வருஷமாக அந்தப் பாசத்துக்குள்ளேதான் பூட்டிக் கிடக்கிறான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “நீங்க ஒண்ணு தட்ட மாட்டீங்க. எனக்குத் தெரியும். தட்டாட்டிப் போங்க. நான் இறங்கப்போறேன்.”

கழுத்தைத் திருப்பி, ஒரு இடைவெளிக்காகக் காத்திருந்து, கதவைத் திறந்துகொண்டு குதித்தான்.

மழை முகத்தில் அறைந்தது. லாரியின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு பின்னால் ஓடினான். தட்டல் விடவில்லை, அவன் தளத்தைக் கடக்கும்போது அவன் தோளுக்குப் பக்கத்திலேயே இரும்பு அதிர்ந்தது. அவன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பெரியவரின் அக்குளில் கை கொடுத்து, கேட்காமல் கொள்ளாமல் தூக்கினான்.

“ஏய் ஏய், என்ன தம்பி, இன்னும் ஒரே ஒரு நட்டுதான்...”

“அப்புறம் பேசலாம் அங்கிள்.”

காரின் முன்பக்கமாக இழுத்துக்கொண்டு சுவரோரம் போய்ச் சேர்ந்தார்கள். பெரியவர் திட்டுவதற்கு வாயைத் திறந்தார். ஒரு கண்டெய்னர் லாரி வெள்ளைக்கோட்டை உரசியபடி கடந்தது. தரையில் விட்டுவந்த குடை அதன் சக்கரத்துக்குள் போனது. கம்பிகள் மட்டும் எலும்புக்கூடாகப் பின்னால் வந்து விழுந்தன. திறந்த வாயைப் பெரியவர் மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் ரிஸ்வானின் சட்டையைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

பிறகுதான் தன் பெயர் முத்தையா என்றார். மனைவி வசந்தகுமாரி ஊரிலிருந்து இன்றைக்கு விமானத்தில் வருகிறாளாம். ஒவ்வொரு தடவையும் ஏர்போர்ட்டில் அவள் வெளியே வரும்போது வாசலில் இவர் நிற்பாராம். “வர்றப்ப நான் நிக்கலைன்னா பயந்துடுவா தம்பி. அதான் நானே மாத்திடலாம்னு...” என்று சக்கரத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். ரிஸ்வானுக்குக் கோபப்படவும் தெம்பில்லை. அவரைச் சுவரோரமாகவே முன்னால் தள்ளி நிற்க வைத்துவிட்டு, காருக்குப் பின்னால் எச்சரிக்கைக் கூம்புகளை அடுக்கினான்.

லாரியை நேராக்கி, சுவருக்கும் கதவுக்கும் இடம் விட்டு நிறுத்தினான். தளத்தைச் சாய்த்து, காரின் முன்பக்கத்தில் கொக்கியை மாட்டி இழுத்து ஏற்றினான். இடப்பக்கப் பட்டைகளை இறுக்கினான். மிச்சம் வலப்பக்கம். மச்சான் கடைசியாக நின்ற இடம். அங்கே போய், ஓடும் வண்டிகளின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்று, ஒவ்வொன்றாக இறுக்கினான். தட்டல் எப்போது நின்றது என்று தெரியவில்லை. இப்போது மழைச் சத்தம் மட்டும்தான் இருந்தது. அந்த அமைதி அவனைச் சந்தோஷப்படுத்தவில்லை. பேச்சை மீறிவிட்டோம், இனிமேல் இதுவும் கிடைக்காது என்று தோன்றியது. பயந்துகொண்டே இருந்தாலும், இந்த ஒரு வருஷமும் லாரியில் அவன் தனியாக இருந்ததில்லை அல்லவா?

கூம்புகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து, வலப்பக்கக் கதவைத் திறந்து ஏறினான். முத்தையா இடப்பக்கமாக ஏற்கெனவே ஏறியிருந்தார். முழுக்க நனைந்து, தேக்காவில் வாங்கிய மல்லிகைச் சரத்தை வாழை இலையோடு மடியில் பத்திரமாக வைத்திருந்தார். கேபின் முழுக்க மல்லிகை மணத்தது.

“காரைப் பட்டறையில விட்டுட்டு டாக்சி பிடிச்சா லேட்டாயிடும் அங்கிள். ஏர்போர்ட்டுக்கே போயிடலாம். உங்களை இறக்கி விட்டுட்டு, காரை நான் பட்டறைக்குக் கொண்டுபோறேன்.”

“ரொம்ப நன்றி தம்பி” என்று பெரியவர் சொல்லிக்கொண்டிருந்தபோதே, பின்னால் கேட்டது.

டங்.

ரிஸ்வானின் கை சாவியிலேயே நின்றது. இன்னொன்று வருமென்று உடம்பெல்லாம் காதாகக் காத்திருந்தான். வரவில்லை. ஒன்றுதான். உள்ளங்கையால், சாவகாசமாக, வேலை முடிந்த மனிதர் தட்டுவது போல் ஒன்று.

“யாரோ தட்டுறாங்களே தம்பி” என்றார் முத்தையா, பின்னால் எட்டிப் பார்த்தபடி. “உங்க கூட வந்தவரா? ஐயோ, இவ்வளவு நேரமா மழையிலயா நிக்கிறாரு? ஏறச் சொல்லுங்க.” சொல்லிக்கொண்டே பூவைத் தூக்கி மார்போடு வைத்துக்கொண்டு, கியர் கம்பியோரம் நகர்ந்து, கதவுப் பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் விட்டார்.

லாரியின் பின்னாலிருந்து ஒரு மனிதர் நடந்து வந்து ஏறி உட்கார எவ்வளவு நேரமாகுமோ, அவ்வளவு நேரம் ரிஸ்வான் சாவியைத் திருகாமல் இருந்தான். பெரியவர் பொறுக்க மாட்டாமல் கதவைத் திறந்து பார்த்தார். மழையும் சுவரும்தான் இருந்தன. மூடினார். அவனுடைய முகத்தைப் பார்த்தார். விட்ட இடத்தை மறுபடி எடுத்துக்கொள்ளவில்லை.

ரிஸ்வான் போனை எடுத்தான். முதல் மணியிலேயே ஜைனப் எடுத்துவிட்டாள்.

“ஏத்திட்டியா?”

“ஏத்திட்டேன் லாத்தா. என் பக்கத்துக் கதவைத் திறந்துதான் இறங்கினேன்.” கண்ணாடியில் இரும்புத் தளத்தைப் பார்த்தான். “லாத்தா, மச்சான் ஒண்ணு தட்டிட்டாரு.”

மறுமுனையில் பட்டறைச் சத்தம் கேட்டது. யாரோ சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு நடுவே, இந்த ஒரு வருஷத்தில் முதல் தடவையாக, அக்கா அழுவதை அவன் கேட்டான். அவள் அழுது முடிக்கும்வரை போனைக் காதிலேயே வைத்திருந்தான்.

“சரி” என்றாள் கடைசியில். “அப்ப வண்டிய எடு.”