ஒன்பது பேர் துப்பாக்கி

“என் பேரு காந்தன். வயசு இருபத்துமூணு. மலாக்கா மாநிலம், பெம்பான் பக்கம், கணேசமூர்த்தி அண்ணன் செம்பனைத் தோட்டத்துல ஸ்டோர் வாசல்ல உக்காந்திருக்கேன். வெள்ளிக்கிழமை, மணி பன்னெண்டேகால். வாணிக்கா, இத நீ மட்டும் படி. அம்மாகிட்ட இப்ப ஒண்ணும் சொல்லாத.”

இவ்வளவு சொல்லிவிட்டுக் காந்தன் போனைப் பார்த்தான். சொன்னது அப்படியே எழுத்தாகத் திரையில் நின்றது. வலது கட்டைவிரலில் செம்பனை முள் ஏறிச் சீழ் வைத்து நாலு நாளாகக் கட்டுப் போட்டிருந்ததால் தட்டி எழுத முடியவில்லை. குரலையே பதிவு செய்து அனுப்பியிருக்கலாம். ஆனால் குரலில் நடுக்கம் இருந்தது. தேவகோட்டையில் இருக்கும் அக்கா அதைக் கேட்டால் அழுதுகொண்டே அம்மாவிடம் ஓடுவாள். எழுத்துக்கு நடுக்கம் கிடையாது.

முதுகுக்குப் பின்னால் ஸ்டோர் கதவு பூட்டியிருந்தது. சாவி அவன் சட்டைப்பையில். அவன் இரவில் படுப்பதும் அங்கேதான். உள்ளே உர மூட்டைகளின் மேல், அவனுடைய பழைய கைலியில் சுற்றி, ஒரு துப்பாக்கி கிடந்தது. அதன் சொந்தக்காரர் ரெஜினால்ட் நேற்றுக் காலை பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர், எழவில்லை.

சொந்தக்காரர் என்று சொல்வதா என்பதில்தான் எல்லா வம்பும்.

அந்தப் பக்கத்தில் ஒன்பது பேருக்கு ஒட்டி ஒட்டிச் சிறு தோட்டங்கள். காட்டுப்பன்றிகள் கூட்டமாக வந்து இளங்கன்றுகளின் குருத்தைத் தின்றுவிட்டுப் போகும். வேலி போட்டார்கள், தகர டின் கட்டினார்கள், பன்றிகள் அதற்கெல்லாம் பழகிப்போயின. மூன்று வருடத்துக்கு முன் ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டு மனு எழுதிக் கொடுத்தார்கள். லைசன்ஸ் வந்தது, ஒரே ஒரு பேரில். ஓய்வு பெற்ற ஆசிரியர், வீட்டில் இரும்பு அலமாரி வைத்திருப்பவர், எந்த வம்புக்கும் போகாதவர் என்று அவர்களில் ஒருவரான ரெஜினால்டுக்குக் கொடுத்தார்கள்.

பேரில் என்ன இருக்கிறது, மனு ஒன்பது பேருடையதுதானே என்று எல்லோரும் நினைத்தார்கள். மருந்தடிக்கும் பம்பும் புல்வெட்டும் மெஷினும் அவர்களிடையே முறை வைத்துத்தான் சுற்றின. துப்பாக்கியும் அப்படியே சுற்றத் தொடங்கியது. யார் முறை என்பதில் ஒருமுறை கைகலப்பு வந்தது. அதன்பின் ஸ்டோர் சுவரில், குதிரைப் பந்தய நாள்கள் போட்ட சீனக் காலண்டரில், எடுத்துப் போகிறவர் அந்தத் தேதிக் கட்டத்தில் தன் பேரைத் தன் கையால் எழுத வேண்டும் என்று முடிவானது. மூன்று வருடக் காலண்டர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அதே ஆணியில் தொங்கின.

காந்தன் வேலைக்கு வந்து ஒன்றரை வருடம். ஒரு தோட்டத்திலிருந்து அடுத்ததற்குக் குலை வெட்டும் அரிவாளைக் கொண்டுபோவதைப் போலத்தான் அந்தக் கைலிப் பொட்டலத்தையும் மோட்டாரில் கட்டிக்கொண்டு போய்க் கொடுத்துவந்தான். எத்தனை முறை என்று அவனிடம் கணக்கில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்து ரெஜினால்ட் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பேச்சு வந்தது. அவருடைய மகள் ஸ்டெஃபனி மலாக்காவில் சட்டம் படிக்கிறாள். அமெரிக்க அரசியல் சட்டத்தைப் பற்றி ஏதோ கட்டுரை எழுதவேண்டியிருந்தது. துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமை ஒவ்வொரு தனி ஆளுக்கும் உள்ளதா, இல்லை ஊர் கூடிக் காவல் நிற்கும் படைக்கு மட்டும் உள்ளதா என்று அந்த நாட்டில் தலைமுறை தலைமுறையாகச் சண்டை போட்டார்களாம். கடைசியில் தனி ஆளுக்குத்தான் என்று கோர்ட் சொல்லியும் சண்டை ஓயவில்லையாம்.

ரெஜினால்ட் தனி ஆள் பக்கம் பேசினார். கையெழுத்துப் போட்டவன்தானே நாளைக்குப் பதில் சொல்லவேண்டும் என்றார். கணேசமூர்த்தி ஆட்டுக்கறி எலும்பைத் தட்டின் ஓரத்தில் தட்டிக்கொண்டே மறுத்தார்.

“ஊருக்குத்தான்லா உரிமை. நம்மளையே பாரேன். ஒன்பது பேரு, ஒரு துப்பாக்கி. சண்ட இருக்கா, சத்தம் இருக்கா? அமெரிக்காக்காரன் பெம்பானுக்கு வந்து படிச்சிட்டுப் போகணும்.”

எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டெஃபனியும் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டுச் சொன்னாள்.

“அங்கிள், இங்க ரெண்டுமே இல்ல. நம்ம சட்டத்துல துப்பாக்கி உரிமைன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. ஒரு பேப்பர் குடுப்பாங்க, அதுல ஒரு பேரு இருக்கும். அவ்ளோதான். வேற யாரு கையில இருந்தாலும் பதினாலு வருஷம் வரைக்கும் உள்ள போடலாம். ரோத்தான் பிரம்படியும் உண்டு.” அப்புறம் காந்தன் பக்கம் திரும்பினாள். “அண்ணா, நீங்கதான மோட்டார்ல கொண்டு போறீங்க?”

காந்தன் தட்டைத் தள்ளி வைத்தான். பிள்ளையைப் பயமுறுத்தாதே என்று ரெஜினால்ட் மகளை அதட்டினார். ஆனாலும் அன்றோடு காந்தன் அந்தப் பொட்டலத்தைத் தொடுவதை நிறுத்திக்கொண்டான். கணேசமூர்த்தி கேலி செய்தார், கட்டாயப்படுத்தவில்லை. புதன்கிழமை அவருடைய முறை. அவரே எடுத்துவந்தார், அவரே ஸ்டோரில் போட்டார், காலண்டரில் பேரெழுதினார். மறுநாள் காலை சாவுச் செய்தி வந்தது.

இன்றைக்குப் பதினொன்றரை மணிக்குக் கணேசமூர்த்தி வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார். லைசன்ஸ்காரர் செத்தால் லைசன்ஸும் போச்சு. பெம்பான் போலீஸ் நிலையமான பாலாயிலிருந்து சார்ஜன் இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்து துப்பாக்கியை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அலமாரி காலி. ரெஜினால்டின் மனைவி அருளம்மாள், கணவர் உடம்பு நடுவீட்டில் கிடக்க, சமையலறையில் நின்றுகொண்டு இவருக்குப் போன் அடித்திருக்கிறாள்.

“தம்பி, பின்வழியா பத்து நிமிஷம். மோட்டார்ல போ. அலமாரில வெச்சிட்டு வந்துரு. சாவு வீட்டுக்கு யாரு வர்றா போறான்னு எவன் பார்க்கப் போறான்?”

“நீங்களே கொண்டு போலாமேண்ணே.”

“என்னய எல்லாருக்கும் தெரியும்டா. உள்ள நுழைஞ்சா பத்து பேரு வந்து கையப் பிடிப்பான்.”

“மாட்டிக்கிட்டா?”

“மாட்ட மாட்ட.”

 இது நம்ம எல்லாருடைய துப்பாக்கி என்று அன்றைக்குச் சொன்னீர்களே என்று காந்தன் மெதுவாகக் கேட்டான். கணேசமூர்த்தியின் முகம் மாறியது.

“லைசன்ஸ் யாரு பேர்ல இருக்கு? ரெஜினால்ட் பேர்ல. அப்ப அவருதுதான். நமக்கும் அதுக்கும் ஒண்ணும் இல்ல.” கொஞ்சம் நிறுத்தினார். “உன் பாஸ்போர்ட் என் வீட்ல பத்திரமா இருக்கு. அடுத்த மாசம் பெர்மிட் போடணும். நான்தான் போடணும். யோசி.”

சாவு வீட்டில் ஒரு தலையைக் காட்டிவிட்டு அரை மணியில் வருவதாகச் சொல்லிப் போய்விட்டார்.

காந்தன் ஸ்டோருக்குள் போனான். பொட்டலத்தைப் பார்த்தான். இடது கை தானாக நீண்டது. பத்து நிமிஷம்தான், நாற்பது தடவை போன வழிதான் என்று ஒரு மனம் சொன்னது. கையை இழுத்து இடுப்பில் துடைத்துக்கொண்டான். சுவரில் காலண்டர் தொங்கியது. புதன்கிழமைக் கட்டத்தில் கணேசமூர்த்தி என்று கொட்டை எழுத்தில் இருந்தது. செவ்வாயில் புவனேந்திரன். ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் புரட்டிப் படம் எடுத்தான். மூன்று வருடமும் எடுத்தான். வெளியே வந்து பூட்டினான். ஸ்டெஃபனிக்குப் போன் அடித்தான்.

பின்னால் ஜெபமாலை சொல்லும் சத்தம் கேட்டது. அவள் வெளியே நடந்து வரும்வரை காத்திருந்து, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னான். 

“எங்கப்பா குடுத்ததாத்தான் ஆகும்,” என்றாள். “மண்ணுக்குள்ள போறதுக்கு முன்னாடியே அவரு பேரக் கெடுக்கச் சொல்றீங்க.”

“நான் ஒண்ணும் கேக்கலமா. நான் தொடல, அத மட்டும் யாராவது ஒருத்தருக்குத் தெரியணும்.”

“தொடாதீங்க. அங்கயே இருங்க,” என்றாள். வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அதன்பிறகுதான் அவன் வாசலில் உட்கார்ந்து அக்காவிடம் பேசத் தொடங்கியது. படங்களை முதலில் அனுப்பினான். பன்னிரண்டரைக்குக் கணேசமூர்த்தியின் ஹைலக்ஸ் வண்டி வந்தது. கூடவே மோட்டாரில் புவனேந்திரன். அடுத்த தோட்டத்துக்காரர், இதுவரை காந்தனிடம் ஒரு கடுஞ்சொல் பேசாதவர். துப்பாக்கியைக்கூட அவர் கேட்கவில்லை.

“கதவத் தொற தம்பி. காலண்டர எடுத்துக்கிறோம்.”

“காலண்டர் எதுக்குண்ணே?”

“எங்க பேரு எங்க கையெழுத்துலயே இருக்குடா. எனக்கு மூணு பிள்ளைங்க.”

காலண்டர் போய்விட்டால் மிச்சம் என்ன? அவன் படுக்கும் ஸ்டோர், அவன் கைலி, ஒரு துப்பாக்கி. காந்தன் கதவில் சாய்ந்துகொண்டான். நகரவில்லை. கணேசமூர்த்தி அவன் சட்டைப்பையில் கை வைத்தார். பை கிழிந்து சாவி கீழே விழுந்தது. காந்தன் அதன்மேல் காலை வைத்தான். மூன்று பேரும் அப்படியே நின்றார்கள்.

மட்டைகளுக்கு நடுவே வண்டிச் சத்தம் கேட்டது. முன்னால் ஸ்டெஃபனியின் சின்னக் கார், பின்னால் அவள் முன்கூட்டியே அழைத்துவந்த போலீஸ் வண்டி. கறுப்பு உடையில் இறங்கினாள். அழுது வீங்கிய முகம். சார்ஜனிடம் மலாயில் பேசினாள். அப்பாதான் கொடுத்தார், ஒன்பது பேருக்கும் முறை வைத்துக் கொடுத்தார், எழுத்து உள்ளே இருக்கிறது என்றாள். 

காந்தன் காலை எடுத்தான். சார்ஜன் சாவியைப் பொறுக்கித் திறந்தார். காலண்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துக் கட்டம் கட்டமாக விரல் வைத்துப் பார்த்தார். ஊரிலிருந்து வந்த வேலைக்காரன்தான் வைத்திருந்தான் என்று கணேசமூர்த்தி ஏதோ தொடங்கினார். இதில் இவன் பேர் எங்கே என்று கேட்டுவிட்டு, சார்ஜன் மூன்று பேரையும் வண்டியில் ஏறச் சொன்னார். மற்ற ஆறு தோட்டத்துக்காரர்களுக்கும் ஆள் போனது.

முன்பு கொண்டுபோனதையும் சொல்லவேண்டுமா என்று காந்தன் ஸ்டெஃபனியிடம் தமிழில் கேட்டான். கேட்டால் மறைக்காதீர்கள், அப்பாவை அடக்கம் செய்துவிட்டு நானே வருகிறேன் என்றாள். வருவாள் என்று அவன் நம்பினான். அதற்குமேல் நம்புவதற்கு அவனிடம் எதுவும் இல்லை.

வண்டிக்குள் உட்கார்ந்ததும், போலீஸ்காரர்கள் போனை வாங்கிக்கொள்வதற்குள், வாயருகே வைத்துக் கடைசியாகச் சொன்னான்.

“வாணிக்கா, பாலாய்க்குப் போறேன். இன்னிக்கு நான் தொடல. முன்னாடி தூக்கிட்டுப் போனேன், அது தப்புன்னு தெரியாது. பாஸ்போர்ட் கணேசமூர்த்தி வீட்ல இருக்கு. நாளைக்குக் காலைக்குள்ள நான் பேசலன்னா ஸ்டெஃபனிக்குப் போன் பண்ணு, நம்பர் கீழ இருக்கு. இத வேற யாரு படிச்சாலும் சரி, அந்தக் காலண்டர் படங்கள மட்டும் அழிச்சிராதீங்க.”