பாலத்தில் கால் வைக்காதவர்

தம்பி அப்பாவின் தோளைத் தூக்கிப் பிடித்திருக்க, அக்கா அழுக்குச் சட்டையை மெதுவாக உருவினாள். உடம்பு இன்னும் முழுதாக விறைக்கவில்லை. சட்டையின் கைமடிப்பில் துரு. நிமிர்ந்தபோது தம்பியின் கைமடிப்பிலும் அதே துரு.

அப்பா ரயில்வேயில் மேஸ்திரியாக இருந்தவர். ஆற்றின் மேலிருந்த இரும்புப் பாலத்தின் ரிவெட்டு ஆணிகளை முப்பது வருடம் சுத்தியலால் தட்டிப் பார்த்தவர். ரயில் நின்றுபோய், நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் என்று அதை மாற்றியபோது அந்த வேலைக்கு இன்ஜினீயராக வந்தவன் தம்பி. தண்டவாளத்தைப் பெயர்த்துப் பலகை பதித்த அன்றே அப்பா அவனோடு பேச்சை நிறுத்தினார். இனி அதில் கால் வைத்தால் என்னை ஏனென்று கேள் என்று அம்மாவிடம் சொன்னார். மூன்று வருடம் சொன்ன சொல் மாறவில்லை. அப்படிப்பட்டவர் இன்று காலை அந்தப் பாலத்தின் நடுவில் விழுந்து இறந்திருக்கிறார்.

நடக்க வந்த யாரோ பார்த்துத் தனக்குப் போன் செய்ததாகத் தம்பி சொன்னான். மாரடைப்பு என்றார் டாக்டர். இரண்டையுமே அக்காவால் நம்ப முடியவில்லை. பூங்காவுக்கு என்று கிளம்பியவரைப் பாலத்துக்கு வரவழைத்தது யார்? அங்கே என்ன பேச்சு முற்றியது? தம்பி காலையிலிருந்து அவள் முகத்தை நேராகப் பார்க்கவே இல்லை.

பதினோரு மணிக்கு, ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி ஒரு பல் டாக்டர் வந்தாள். தினமும் பாலத்தின் வழியாகத்தான் சைக்கிளில் கிளினிக் போவாளாம். அக்காவிடம் தம்பியைக் காட்டிச் சொன்னாள்:

“இவருதான் அப்பாவ மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருந்தாரு. நான்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணேன்.”

அவள் போனதும் அக்கா தம்பியைச் சமையலறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினாள்.

“யாரோ போன் பண்ணாங்கன்னு சொன்னியே.”

அவன் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“அவர என்னடா சொன்னே?”

“ஒண்ணும் சொல்லலக்கா. ரெண்டு மாசமா தினமும் அங்கதான் வந்தாரு. ஒவ்வொரு ரிவெட்டா தட்டுவாரு. ஆட்டம் இருந்தா ரெண்டு தட்டு. நான் சாக்பீஸால குறி போட்டுக்கிட்டே பின்னாடி போவேன்.”

“உங்கிட்டப் பேசினாரா?”

“மொத நாள் மட்டும். ‘வீட்டுல மூச்சு விட்டே, நாளைலேர்ந்து வரமாட்டேன்’னாரு. அப்புறம் ஒரு வார்த்தை இல்ல.”

அக்காவுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. அவன் கையைப் பிடித்துத் திருப்பினாள். நகக்கண்ணெல்லாம் வெள்ளைப் பொடி. கையை உடனே விட்டுவிடவில்லை.

“எவ்ளோ முடிஞ்சிருக்கு?”

“பாதி.”

கூடத்திலிருந்து அம்மா, உள்ளே இருவருக்கும் என்ன பேச்சு என்று கேட்டாள்.

“ஒண்ணுமில்லம்மா. வண்டி எப்ப வரும்னு கேட்டேன்.”

இருவரும் வெளியே வந்தார்கள். அம்மா மகளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு அப்பாவின் தலைமாட்டிலிருந்து சற்று நகர்ந்து, தம்பி உட்கார இடம் விட்டாள்.